ஒரு சொல் குறையாமல்

உக்காரும்மா. அந்தச் சேர் வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இதுல உக்காரு, ஃபேன் காத்து இங்கதான் வரும்.

உன் சைகைய எனக்கு எடுத்துச் சொல்லுத ஆல்வின் தம்பி போதகரய்யாவப் பாத்து லெட்டர் வாங்கிட்டு, பஜார்ல ஜெராக்ஸ் எடுத்துட்டு வர எப்படியும் முக்கா மணி நேரம் ஆவும். ஜெராக்ஸ் கடைக்காரன் மத்தியானம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டுத்தான் கடையத் திறப்பான். அதுவரைக்கும் நாம ரெண்டு பேருந்தான். உனக்குக் காது கேக்காது, எனக்குச் சைகை தெரியாது. நல்லா அமைஞ்சுது போ.

தபித்தான்னுதான உம் பேரச் சொன்னாரு? எம் மக பெர்சிஸ் கூடச் சேந்து வேதத்தச் சைகையில படம் பிடிச்ச பிள்ள நீ. அவ கேமராவுக்கு முன்னால நிப்பா, நீ பின்னால நிப்பன்னு தம்பி சொன்னாரு.

உனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதாம்மா பேசுதேன். கேக்குத ஆளுங்கள்ட்ட என்னால இதச் சொல்ல முடியல. அவ போயி மூணு மாசமாச்சு. போதகரய்யாட்டயும் சொல்லல. எந்தம்பி வந்து பத்து நாள் கூட இருந்தான், அவன்ட்டயும் சொல்லல. வாரவங்கல்லாம் ஆண்டவர் சித்தம்னு சொல்லிட்டுக் காப்பியக் குடிச்சிட்டுப் போறாங்க. நானும் தலைய ஆட்டுதேன்.

நீ எம் வாயவே பாக்க. பெர்சிசும் அப்படித்தான் பாப்பா. எம் மீசைக்குள்ள வார்த்தையெல்லாம் ஒளிஞ்சுக்கிடுதுன்னு அவ அம்மாட்டச் சொல்லுவாளாம். மீசைய எடுத்துருங்களேன், பிள்ளைக்கு உதடு தெரியும்லான்னு அவ அம்மா கேட்டா. நான் எடுக்கல. மீசையில்லாத மொகத்தோட கோயில்ல ஏறி நின்னு எப்படி வாசிக்கது?

வாசிக்கதுன்னா, நான்தாம்மா இங்க இருபத்தெட்டு வருஷமா வேதபாடம் வாசிக்கேன். மிஷன் பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியார், சிகாமணி சார்னா சுத்துப்பட்டுல எல்லாருக்கும் தெரியும். மைக் வராத காலத்துலயே எங்குரல் வாசல்ல செருப்புக் கழட்டுதவன் வரைக்கும் போகும். ஒரு சொல்ல முழுங்க மாட்டேன். ஒரு ஒத்தெழுத்து விட மாட்டேன். வெளியூர்லருந்து வந்த பிஷப்பே சொல்லியிருக்காரு, இந்த மனுசன் வாசிச்சாப் பிரசங்கமே வேண்டாம்னு. எங்குரல் கேக்காத ஒரே ஆளு பொம்பளைங்க பக்கம் முதல் வரிசையில, எங்கண்ணுக்கு நேரா உக்காந்திருந்தா.

இந்தப் பேப்பர் எதுக்குன்னு எனக்குத் தெரியும்மா. தம்பி விளக்கமாச் சொல்லிட்டாரு. மாற்கு சுவிசேஷத்துல அவ எடுத்த ஏழு அதிகாரமும் முடிஞ்சிருச்சு, ஏழாவது அதிகாரத்துல ஒரு துண்டுக்கு மட்டும் சரிபாத்தவர் கையெழுத்து இல்ல. அந்தச் சரிபாத்தவர் நான். நான் கையெழுத்துப் போட்டாத்தான் அது வெளிய வரும். போடலேன்னா அவ முகத்த எடுத்துட்டு வேற ஒரு பிள்ளைய நிக்க வச்சு மறுபடியும் எடுக்கணும். போடுவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. காலையிலருந்து இந்தப் பேப்பரப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.

எந்தத் துண்டுன்னு உனக்குத் தெரியும். காது கேளாத ஒருத்தன ஆண்டவர்ட்டக் கூட்டிட்டு வாராங்களே, அந்தப் பாடம்.

அந்தப் பாடத்துக்கும் எங்க வீட்டுக்கும் ரொம்ப நாள் கணக்கு. வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழம அது முறைப்படி வரும். நான் வாசிப்பேன். வாசிச்சு முடிச்சதும் பெர்சிசக் கூப்பிட்டு முன்னால நிறுத்துவேன். போதகர் அவ ரெண்டு காதுலயும் எண்ண தொட்டு வச்சு ஜெபிப்பாரு. சபையே எந்திரிச்சு நிக்கும். ஆறு வயசுல ஆரம்பிச்சது, பதினாறு வயசு வரைக்கும் வருஷம் தவறாம நடந்துது. ஜெபம் முடிஞ்சதும் எல்லாரும் அவ முகத்தப் பாப்பாங்க. நான் பின்னால நின்னு கையத் தட்டுவேன், திரும்புதாளான்னு பாக்க. அவ திரும்ப மாட்டா. எண்ண கழுத்து வழியா ஒழுகிச் சட்டையில எறங்கும்.

பதினாறாவது வயசுல வர மாட்டேன்னுட்டா. கோயில்ல பெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. எனக்கு மானம் போச்சு. விசுவாசமில்லாத பிள்ளையாப் போச்சேன்னு வீட்டுல வந்து சத்தம் போட்டேன். யாருக்குக் கேக்கும் அந்தச் சத்தம்? அவ அம்மாவுக்குத்தான்.

கிளாடிசுக்கு, எங்க வீட்டுக்காரிக்கு, அவ பாஷ தெரியும். ரெண்டும் அடுக்களையில நின்னு மணிக்கணக்காப் பேசிக்கிடுங்க. ஒரு சத்தம் இருக்காது, திடீர்னு ரெண்டும் சிரிக்கும். என்னத்தச் சிரிக்கீங்கன்னு கேப்பேன். ஒண்ணுமில்லன்னுருவா. என்னத்தான் சொல்லிச் சிரிச்சிருக்கும். நீங்களும் கத்துக்கிடுங்கன்னு எத்தனையோ தடவ சொன்னா. எனக்கு வெரல் மடங்காதுன்னேன். பள்ளிக்கூட வேல, கோயில் வேல, எனக்கெங்க நேரம்னேன். நாலு வருஷத்துக்கு முன்னால கிளாடிஸ் போய்ச் சேந்தா. அதுக்கப்புறம் இந்த வீட்டுல நானும் அவளும், நடுவுல ஒரு நோட்டும்.

நோட்டுல எழுதிக்கிடுவோம். அவ எழுதுவா, நான் பதில் எழுதுவேன். அவ தமிழ் ஒடைஞ்ச தமிழ். சொல்லு சொல்லா இருக்கும், சேத்துக் கட்ட வராது. நான் சிவப்பு மையில திருத்திக் கீழ சரியான வாக்கியத்த எழுதிக் காட்டுவேன். நல்லதுக்குத்தான? முப்பது வருஷமா ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் திருத்தினவன், எம் பிள்ளைக்குத் திருத்த மாட்டனா? கொஞ்ச நாள்ல நோட்டுல எழுதுதத விட்டுட்டா. ஏன்னு தெரியல. அரிசி தீந்தா காலி டப்பாவக் கொண்டாந்து எம் முன்னால வைப்பா.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், நான் அவளக் கைவிட்டதில்ல. எங்க போனாலும் கூடப் போவேன். பஸ்சுல, கல்யாண வீட்டுல, ரேஷன் கடையில அவ கையத் தூக்கிப் பேச ஆரம்பிச்சா எல்லாரும் வேடிக்க பாப்பாங்க. எனக்குப் பொறுக்காது. மெதுவா அவ மணிக்கட்டுல ரெண்டு வெரல வச்சு இறக்கி விடுவேன். அடிச்சதில்ல. மெதுவாத்தான். இந்தக் கையால மூக்குக்கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு, கேட்டவங்களுக்கு நானே பதில் சொல்லுவேன். பிள்ளைக்கு என்ன வேணும்னு கேட்டா அதுக்கு ஒண்ணும் வேண்டாம்பேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து பிள்ளைக்குச் சம்மதமான்னு கேட்டப்ப, அதுக்கு இதுல இஷ்டமில்லன்னு நான்தான் சொன்னேன். வந்தவனும் காது கேக்காத பையன். ரெண்டு பேரும் கூடத்துல உக்காந்து கையால பேசிக்கிட்டிருந்தாங்க. ரெண்டும் ஊமையா இருந்தா எப்படிக் குடும்பம் நடத்தும்? நான் அவளுக்கு வாயா இருந்தேன்மா. முப்பத்திநாலு வருஷம்.

இரு, இரு. கையத் தூக்காத, நான் சொல்லி முடிச்சிருதேன். அடடா, உங்கையவும் பிடிச்சு இறக்கிட்டேன். மன்னிச்சுக்கம்மா, பழக்கதோஷம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால டவுன்ல இந்த வேல ஆரம்பிச்சுது. பச்சத் துணி கட்டுன ரூம்ல, கருநீலச் சட்டையப் போட்டுக்கிட்டு, வேதத்த வசனம் வசனமாச் சைகையில எடுக்கணும். எம் மகளத் தேர்ந்தெடுத்தாங்க. அன்னைக்கு அவ வீட்டுக்கு வந்த முகம் எனக்கு ஞாபகமிருக்கு. தரையில ரெண்டு மிதி மிதிச்சு என்னக் கூப்பிட்டு, நெஞ்சத் தொட்டுக் காட்டிக் காட்டிச் சிரிச்சா. அப்புறம் கமிட்டிக்காரங்க எங்கிட்ட வந்தாங்க. சார், உங்களுக்கு வேதமும் தெரியும் தமிழும் தெரியும், சொல்லு விட்டுப் போகாம நீங்க சரிபாக்கணும்னாங்க. சைகை தெரியாதேன்னேன். அதனாலென்ன, ஆல்வின் பாத்துச் சத்தமாச் சொல்லுவாரு, நீங்க புத்தகத்தோட ஒப்பிட்டுப் பாருங்கன்னாங்க. பெருமையாத்தான் இருந்துது. அப்பா வாசிப்பாரு, மக கையால சொல்லுவா. கிளாடிஸ் இருந்து பாக்கலியேன்னு நெனச்சேன்.

எப்படிச் சரிபாப்பேன் தெரியுமா? முன்னால பெரிய டிவி. அதுல பெர்சிஸ் கையாட்டுவா. பக்கத்துல ஆல்வின் தம்பி அதப் பாத்து வாயாலச் சொல்லும். எங்கண்ணு புத்தகத்துல. எங்காது தம்பி வாயில. ஒவ்வொரு சொல்லுக்கும் பென்சில்ல ஒரு டிக். டிக் விழாத சொல்லு கொறையுத சொல்லு. அப்படித்தான் ஆறு அதிகாரம் முடிச்சேன். சண்ட சச்சரவோடதான், ஆனா முடிச்சேன். டிவிய நான் தலையத் தூக்கிப் பாத்ததில்ல. பாத்தா டிக்குத் தப்பிரும்லா.

ஏழாவது அதிகாரம் வந்துது. அந்தப் பாடம். தம்பி சொல்லச் சொல்ல எனக்குத் தல சுத்திருச்சு. பத்தொம்பது சொல்லுக்கு டிக் விழல. அது போகட்டும், இல்லாததெல்லாம் வருது. வேதத்துல பலபேரு சேந்து அவனக் கூட்டிட்டு வாராங்க. இவ ஒரே ஒரு ஆளக் காட்டுதா. யாரு இந்த ஆளு, எங்க இருக்குன்னு கேட்டேன். பலபேருன்னு முதல்ல சொல்லிட்டு, அதுல ஒருத்தரப் பக்கத்துல காட்டுதாங்க சார், சைகையில அப்படித்தான் சொல்ல முடியும்னு தம்பி சொல்லிச்சு. வெட்டுன்னேன்.

அப்புறம், ஆண்டவர் அவனக் கூட்டத்த விட்டுத் தனியாக் கூட்டிட்டுப் போய்க் காதுல வெரல வைக்காரு, நாக்கத் தொடுதாரு, வானத்தப் பாக்காரு. அந்த இடத்துல காது கேளாதவன் முகத்துல சந்தோஷம் வருதுன்னு தம்பி சொல்லுது. எனக்குக் கோவம் வந்துருச்சு. சந்தோஷம் எங்கருந்து வந்துது? இன்னும் குணமே ஆகல. குணமானதுக்கு அப்புறம்தான சந்தோஷப்படணும்? பெர்சிசக் கூப்பிட்டுக் கேக்கச் சொன்னேன். அவ என்னென்னவோ சொன்னா. தம்பி திருப்பிச் சொல்லிச்சு: 'வந்ததுலருந்து எல்லாரும் வாயாலயே பேசுதாங்க. இவர் ஒருத்தர்தான் முதல்ல கையால பேசுதாரு. அவனுக்குப் புரியுத மாதிரி, ஒனக்குக் குறை காதுல, நாக்குல, அத நான் மேல இருக்கவர்ட்டக் கேக்கேன்னு கையாலயே சொல்லுதாரு. ஒருத்தர் எம் பாஷையில எங்கிட்டப் பேசுதாருன்னா எனக்கு அங்கயே சந்தோஷம் வந்துரும்'னு.

அது வைத்தியம், பேச்சு இல்லன்னேன். இருபத்தெட்டு வருஷமா வாசிக்கேன், எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னேன். வெட்டுன்னேன்.

ஏழு தடவ எடுத்தா. ஏழு தடவ நான் டிக் போட்டேன். மூணாவது தடவ முடிஞ்சப்ப அவ எம் மேசைக்கு வந்து, நோட்டு எழுதுதத விட்டு வருஷமானவ, எம் புத்தகத்து ஓரத்துல பென்சில்ல எழுதினா. 'அப்பா புத்தகம் வேண்டாம். என்னை பார்.'

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சிவப்புப் பேனாவ எடுத்து, 'என்னை'க்கும் 'பார்'க்கும் நடுவுல ஒரு 'ப்' போட்டேன்.

அதுக்கப்புறம் அவ நான் சொன்னபடியே எடுத்தா. ஏழாவது தடவ எல்லாச் சொல்லுக்கும் டிக் விழுந்துச்சு. ஒண்ணு கூடக் கொறையல. எனக்கு அப்பாடான்னு இருந்துது.

உங்க ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டினப்ப நீயும் இருந்த. ரெண்டாம் ஞாயிறு ஆராதனைக்கு முப்பது பேரு வந்திருந்தாங்க. பாத்து முடிச்சதும், என்ன கண்டீங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. டெய்லர் மாசிலாமணி எந்திரிச்சு, 'பெர்சிஸ் எதையோ எண்ணிக்கிட்டு நிக்கா'ன்னு சொன்னாராம். படிக்காத ஜனம், அதுகளுக்கு எப்படி வெளங்கும்னு நான் தம்பிட்டச் சொன்னேன். சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். நான் போனதும் எனக்குத் தெரியாம மொதல்ல எடுத்ததப் போட்டுக் காட்டியிருக்கா. திரும்பி வந்தா முப்பது பேரும் சந்தோஷத்துல தரைய மிதிச்சுக்கிட்டு இருக்காங்க, கட்டடமே அதிருது. மாசிலாமணி முன்னால போய் நின்னு அந்தக் கதைய அப்படியே கையால திருப்பிச் சொல்லுதாரு. ஒரு பொம்பள அழுது. பெர்சிஸ் என்னப் பாத்தா. நான் பைய எடுத்துட்டு பஸ்சுக்கு வந்துட்டேன்.

மொதல்ல எடுத்ததுதான் போகணும், அப்பா கையெழுத்துப் போடணும்னு இந்தப் பேப்பரக் கொண்டாந்து வச்சா. இதே மேசையில. நான் தொடல. என்னக் கேக்காமப் போட்டுக் காட்டினதுக்கு எப்படிப் போடுவேன்? ரெண்டு வாரம் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கல. சோத்த வச்சுட்டுப் போயிருவா.

இப்ப நான் சொல்லப் போறதத்தாம்மா ஒருத்தர்ட்டயும் சொல்லல. தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

புதன்கிழம சாயங்காலம் வயித்தப் பிடிச்சுக்கிட்டு எம் முன்னால வந்து நின்னா. ரெண்டு வாரம் பேசாதவ வந்து நிக்காளேன்னு எனக்கு மனசுக்குள்ள ஒரு சந்தோஷங்கூட வந்துது. ஆட்டோ பிடிச்சு டவுன்ல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டோக்கன் முப்பத்தெட்டு. டாக்டர் எங்கிட்ட ஏழாங்கிளாஸ் படிச்ச பையன். என்னப் பாத்ததும் எந்திரிச்சு நின்னான். அவளப் பாத்து என்னம்மா செய்யுதுன்னான். அவளுக்குக் கேக்காது தம்பி, நான் சொல்லுதேன்னேன்.

அவ சொல்ல ஆரம்பிச்சா. தொப்புளத் தொட்டா. அங்கருந்து கைய வலது பக்கமா இறக்கினா. நெத்தியத் தொட்டா, தோள ஒடுக்கிக்கிட்டு நடுங்கினா. சன்னலப் பாத்தா, வெரல மடக்கினா, மறுபடியும் மொதல்லருந்து. வேர்த்துக் கொட்டுது, வலியில பாதியில நிக்கா, திரும்பவும் சொல்லுதா. அஞ்சு நிமிசம் இருக்கும். முப்பத்தொம்பதாவது ஆளு கதவத் தள்ளிட்டு எட்டிப் பாக்கான். டாக்டர் எம் முகத்தப் பாத்தான்.

'வயித்து வலி தம்பி. சாப்பாடு ஒத்துக்கல போல'ன்னேன்.

அவன் கேட்டாம்மா. நல்ல பையன், கேட்டான். 'இவ்வளவு நேரம் சொன்னாங்களே சார், அவ்வளவுதானா?'

'அவ்வளவுதான்'னேன்.

எத்தன நாளான்னு கேட்டான். இன்னைக்குத்தான்னேன். எங்கிட்ட வந்து நின்னது இன்னைக்குத்தான? எனக்கு அப்படித்தான் தெரியும். அவ டாக்டர் மேசையில கெடந்த பேனாவ எடுக்கக் கைய நீட்டினா. எழுதிக் காட்டப் போறான்னு தெரிஞ்சுது. அவ எழுத்து எனக்குத் தெரியும். தமிழ் வாத்தியார் மக எழுத்து இதுதானான்னு எங்கிட்டப் படிச்ச பையன் நெனச்சிருவானோன்னு, அவ மணிக்கட்டப் பிடிச்சு இறக்கிட்டேன். மெதுவாத்தான். ஊசியும் மாத்திரையும் குடுத்து, நாளைக்கும் வலிச்சா வாங்க சார், ஸ்கேன் பாத்துருவோம்னான்.

மறுநாள் வலி இல்ல. சுருண்டு படுத்திருந்தா, வயித்தப் பிடிக்கல. மாத்திர கேட்டுருச்சுன்னு இருந்துட்டேன். வெள்ளிக்கிழம ஒடம்பு தீயாக் கொதிச்சுது. திருநெல்வேலிக்குக் கொண்டு போனோம். குடல்வால் வெடிச்சு, சீழ் வயிறு பூரா பரவியிருச்சுன்னாங்க. ஆபரேசன் முடிச்சு வெளிய வந்த டாக்டர் எங்கிட்டக் கேட்டாரு. 'நாலஞ்சு நாளா வலி இருந்திருக்குமே, உங்க பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?'

'சொல்லல'ன்னேன்.

அப்படித்தான் வாயில வந்துது. ஞாயித்துக்கிழம காலையில அவ போயிட்டா.

சொன்னாம்மா. அஞ்சு நிமிசம் சொன்னா. வேதத்துல ஒரு சொல்லு கொறஞ்சா வெட்டுன்னு சொன்னவன், எம் மக உயிர் போற வலியில சொன்னத ரெண்டு வார்த்தையில முடிச்சேன். அந்த அஞ்சு நிமிசத்துல என்னென்ன சொன்னான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வலி எங்க ஆரம்பிச்சுது, எப்ப ஆரம்பிச்சுது, பயமா இருக்குன்னு சொன்னாளா, இவர் சொல்லுதத நம்பாதீங்க டாக்டர்னு சொன்னாளா? அவ கையெல்லாம் எங்கண்ணுக்குள்ள நிக்கு. ஒண்ணும் வெளங்கல.

அடக்கத்துக்கு நீங்கல்லாம் வந்தீங்க. நாப்பது பேரு இருப்பீங்க. ஆல்வின் தம்பி உங்களுக்குச் சொல்லுததுக்காகக் குழிப் பக்கமா வந்து நின்னுது. நான் வாசிச்சுக்கிட்டிருக்கேன், பக்கத்துல கையாட்டிக்கிட்டு நின்னா கவனம் செதறும்லா, தள்ளி நில்லுங்க தம்பின்னுட்டேன். எம் பிள்ளைக்கு நானே வாசிச்சேன். குரல் நடுங்கல. ஒரு சொல் விடல. எல்லாரும் சொன்னாங்க, சார் மாதிரி வருமான்னு. நீங்க பின்னால புளியமரத்துக்கிட்ட நின்னீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது என்ன? இப்பத்தான் அது எனக்குத் தோணுது.

என்ன, செல்போனா? என்னத்த எடுக்க? ஓ, அவதானா. அந்தப் படமா.

இல்லம்மா, வேண்டாம், தம்பி வரட்டும். தம்பி சொல்லாட்டா எனக்கு என்ன வெளங்கும்? சரி, குடு. கண்ணாடியப் போட்டுக்கிடுதேன். புத்தகத்த எடுக்கட்டா? வேண்டாமா. மூடணுமா. சரி, மூடிட்டேன்.

சட்ட நல்லாருக்கு. கருநீலம் அவளுக்கு எடுக்கும். மெலிஞ்சு தெரியுதாளே. அப்பவே மெலிஞ்சிருந்தாளா? நான் பாக்கலியே.

இது கூட்டம். கூட்டம் வருது, அது வெளங்குது. இது அவன், காது கேளாதவன். எப்படித் திருதிருன்னு முழிக்கான் பாரு. நாலா பக்கமும் வாயி வாயாப் பாக்கான். ஐயோ, பெர்சிசும் அப்படித்தான் முழிப்பா, காதுல எண்ண வைக்கும்போது. ஆறு வயசுல அப்படித்தான் முழிச்சா.

இது யாரு? பக்கத்துல ஒரு ஆளு. இவனத்தான் நான் வெட்டச் சொன்னேன். நெஞ்ச நிமித்திக்கிட்டு ஆண்டவர்ட்டப் பேசுதான். வாயத் தெறந்து தெறந்து மூடுதான். காது கேளாதவன் என்னமோ சொல்லக் கையத் தூக்குதான். இவன் அத...

நிறுத்து. நிறுத்தும்மா. திரும்பப் போடு. அந்த இடம். அங்கதான்.

மணிக்கட்டுல ரெண்டு வெரல வச்சு இறக்குதான். மெதுவா. இறக்கிட்டு, இன்னொரு கையால மூக்குக்கண்ணாடிய ஏத்தி விடுதான். அந்தக் காலத்துல ஏது மூக்குக்கண்ணாடி?

நான்தாம்மா அது. ஆண்டவர் முன்னால எம் பிள்ள என்னக் கொண்டு போய் நிறுத்தியிருக்கா. ஏழு தடவ எடுக்க வச்சு நான் அத வெட்டினேன். யாரு இந்த ஆளு, வேதத்துல எங்க இருக்குன்னு கேட்டேன்.  ஒரே ஒரு தடவ தலையத் தூக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தா அந்த ஆஸ்பத்திரியில எங்கை அவ மணிக்கட்டுக்குப் போயிருக்காதோ என்னவோ.

திட்டிக் காட்டலியே. எம் மேல கோவமாக்கூடக் காட்டலியே. பாரு, அந்த ஆளு அழுதுக்கிட்டுல்லா கேக்கான். இவனக் குணமாக்கும்னு அழுதுக்கிட்டுக் கேக்கான். அதையும் பாத்து வச்சிருக்காளே எம் பிள்ள.

பேப்பரத் தா. எங்க போடணும், இந்தக் கோட்டு மேலயா? எம் பேனா வேண்டாம், அது சிவப்பு. உன் பேனாவக் குடு. போட்டுட்டேன். தேதியும் போட்டுட்டேன்.

என்னம்மா சொல்லுத? மெதுவா. எனக்கு வெளங்கல, ஆனா நீ சொல்லு. நான் கையப் பிடிக்க மாட்டேன். இந்தா, ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டேன். நீ சொல்லு, நான் பாக்கேன்.

வண்டிச் சத்தம் கேக்கு. வாங்க தம்பி, வாங்க. ஜெராக்ஸ் இருக்கட்டும், அங்கன வைங்க. இந்தப் பிள்ள அஞ்சு நிமிசமா எங்கிட்டச் சொல்லிக்கிட்டே இருக்கு. என்னன்னு கேளுங்க.

என்ன? பெர்சிஸ் நல்ல பிள்ள, நீங்க கவலப்படாதீங்கன்னு சொல்லுதா? அவ்வளவுதானா?

இல்ல தம்பி. அவ உங்கள்ட்டயும் இவ்வளவு நேரம் சொன்னா. நீங்க சுருக்கிட்டீங்க. எனக்காகச் சுருக்காதீங்க, நான் தாங்கிக்கிடுவேன். மறுபடியும் மொதல்லருந்து சொல்லச் சொல்லுங்க. அவ என்ன சொன்னாலும், என்னத் திட்டினாலும், அப்படியே சொல்லணும். நீங்க எம் பின்னால வந்து நில்லுங்க, அவளுக்கு மறைக்காதீங்க. நான் அவளப் பாத்துக்கிட்டே கேக்கேன். ம், சொல்லுங்க.